எதில் பாதி?

அத்தியாயம் 17

தம்பி ஊரிலிருந்து வருகிறான் என்றால் எந்த அக்காவுக்கும் சந்தோஷம்தான். குணவதிக்கோ, தயாளன் போன வாரம் போனில் “சனிக்கிழமை மீட்டிங்குக்கு வர்றேன்” என்று சொல்லி வைத்ததிலிருந்து அவன் வராமலிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த மீட்டிங்கைக் கூட்டியதே அவள்தான். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளியில் அவள் குறைநீக்கல் வகுப்பு ஆசிரியை. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் அவளிடம் வருவார்கள். டிசம்பர் நீண்ட விடுமுறை முடிந்து திரும்பும்போது அந்தப் பன்னிரண்டு பேரும் படித்ததில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள் என்பது அவளுடைய வருத்தம். டிசம்பர் விடுமுறையை உடைத்து வருடம் முழுவதும் பிரித்துக் கொடுத்துவிடலாம், எந்த விடுமுறையும் பத்து நாளைத் தாண்ட வேண்டாம் என்று இரண்டு வருடமாக எழுதி எழுதி, கடைசியில் கல்வி இலாகாவிலிருந்து ஒரு பதில் வந்தது. முதலில் பெற்றோரைக் கேளுங்கள், அவர்கள் சரி என்றால் ஒரு வருடம் சோதனை செய்து பார்க்கலாம் என்று.

இதில் தம்பிக்கு என்ன வந்தது என்றால், எல்லாமே வந்தது. அவன் மகள் ரேணுஷா அதே பள்ளியில் மூன்றாம் ஆண்டு. தயாளனும் சுதர்ஷினியும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. பிள்ளை தாயோடு பினாங்கில். தகப்பன் ஜொகூரில் வாடகை அறை எடுத்துக்கொண்டு, தினமும் மோட்டாரில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். டிசம்பரில் மட்டும் பிள்ளை அவனிடம் போகும். போன டிசம்பரில் பதினாறு நாள் கிடைத்தது.

வெள்ளி இரவு பஸ் ஏறியவன், காலையில் பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெர்ரி பிடித்து, ஏழரை மணிக்குத் தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான். அடுக்குமாடியில் ஏழாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

“பசியாறிட்டியாடா?”

“பஸ்ல எங்கக்கா பசியார்றது. மொதல்ல தண்ணி குடு.”

தோசையும் சம்பலும் வைத்தாள். நான்கு தோசை உள்ளே போன பிறகுதான் அவன் நிமிர்ந்தான். அறையில் அவள் கணவன் சுகுமாரன் பத்து காவானில் உள்ள தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பள்ளி விடுமுறையைப் பற்றி அவனிடம் கேட்டபோது, “எனக்கு நாலு நாள் வேல, நாலு நாள் ரெஸ்ட். தீபாவளியே ஷிப்ட்டுலதான் வருது. என்னய ஏன்லா கேக்கற” என்று சொல்லிவிட்டான். அந்த வீட்டில் அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்த தயாளன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். நீதிமன்ற உத்தரவின் நகல். கசங்கிவிடக் கூடாது என்று கடையில் கொடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தான்.

“படி.”

“நான் படிச்சதுதானேடா.”

“மறுபடியும் படி. நீதான டீச்சர்.”

அவள் கண் அந்த வரிக்குத் தானாகப் போயிற்று. ஆண்டிறுதி நீண்ட பள்ளி விடுமுறையில் பாதி நாள் பிள்ளை தகப்பனிடம் இருக்கலாம். அவ்வளவுதான் எழுதியிருந்தது. வேறு விடுமுறையைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

“நீண்ட விடுமுறையில பாதி,” என்றான் தயாளன். “அந்த விடுமுறையே இல்லன்னா எதுலக்கா பாதி?”

“பத்து நாள் லீவு வருசத்துக்கு நாலு தடவ வருதுடா. சுதர்ஷினிகிட்ட பேசி அதுல ஒண்ணு கேட்டுக்கலாம்.”

“அவ குடுத்தாலும் நான் எங்க போறது? எங்க கம்பெனி டிசம்பர்லதான் மூடுவான். நடுவுல ரெண்டு நாள் சேத்தாப்ல லீவு கேட்டா சூப்பர்வைசர் என்னமோ அவன் வீட்டுச் சொத்தக் கேட்ட மாதிரி பாக்கறான். வர ஒரு நாள், கொண்டு போய் விட ஒரு நாள். மறுபடி கோர்ட்டுக்குப் போயி இத மாத்தி எழுதறதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாண வயசே வந்துரும்.”

“உன் பிள்ளைய மட்டும் பாத்தா ஆச்சா? என் வகுப்புல பன்னெண்டு பிள்ளைங்க இருக்காங்க. நவம்பர்ல முப்பது சொல்லு படிச்ச பிள்ளை, ஜனவரில வந்து ‘அம்மா’வுக்கு முழிக்குது.”

“மறந்துட்டா மறுபடி சொல்லிக் குடுங்க. அதுக்குத்தான சம்பளம்.”

குணவதிக்குச் சுருக்கென்று தைத்தது. வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வேறு ஏதாவது என்பது இதுதான். அந்தப் பன்னிரண்டு பேரில் ரேணுஷாவும் ஒருத்தி. பிள்ளை ‘அத்தை வகுப்பு’க்குப் போகிறாள் என்று தயாளனுக்குத் தெரியும். அத்தை என்பதால் பாசத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். போன வருடம் பிள்ளையை அந்த வகுப்பில் சேர்த்த அன்றே சுதர்ஷினி, பள்ளி வாசலில் நின்று குணவதியிடம் ஒன்று கேட்டாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம் அவளுடையது. கல்யாணம் முறிந்த பிறகும் குணவதியை மச்சாள் என்று அழைப்பதை அவள் விடவில்லை.

“அவர்ட்ட சொல்ல வேண்டாம் மச்சாள். தாயிட்ட இருந்தும் பிள்ளைக்குப் படிப்பு வரேல்லை என்டு கோர்ட்டில எழுதிப்போடுவார். பிள்ளையைக் கொண்டு போயிடுவார்.”

குணவதி தலையாட்டிவிட்டாள். தம்பி அப்படிச் செய்கிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அழுதுகொண்டு நிற்கிற பெண்ணிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. அன்றிலிருந்து மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற பிழைப்புத்தான். பேசாமல் இருக்க இருக்க, பேசுவது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

பத்து மணிக்குப் பள்ளி மண்டபம் நிறைந்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். வாசலில் மேசை போட்டு, வருகிற குடும்பத்திடமெல்லாம் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினாள். ரேணுஷாவின் குடும்பத்துக்குச் சுதர்ஷினி கையெழுத்துப் போட்டாள். வங்கியில் வேலை செய்கிறவளுடைய கையெழுத்து, பார்த்தாலே தெரியும். பின்னால் வந்த தயாளன் பேனாவைத் தொடவில்லை.

“நான் சும்மா கேக்கத்தான் வந்தேன்,” என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான்.

ரேணுஷா மூன்றாவது வரிசையில் தாய் பக்கத்தில் ஐந்து நிமிடம் இருந்தாள். பிறகு நாற்காலிகளுக்கு நடுவில் ஓடி, தகப்பன் மடியில் ஏறிக்கொண்டாள். சுதர்ஷினி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைவர் திருநாவுக்கரசு ஒலிபெருக்கியைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். அன்று ஆச்சரியமாகச் சுருக்கமாகவே முடித்தார்.

“ஒரு குடும்பம், ஒரு கை. சந்தா குடும்பத்துக்கு ஒண்ணு, கையும் குடும்பத்துக்கு ஒண்ணு. இது ஆரம்பத்துலேருந்து நம்ம சங்கத்துல வர்ற பழக்கம். புருசன் இந்தப் பக்கம், பொண்டாட்டி அந்தப் பக்கம்னு தூக்கிறாதீங்க. வீட்டுச் சண்டைய வீட்டுலயே வெச்சிக்குங்க.”

மண்டபம் சிரித்தது. இரண்டு பேர் சிரிக்கவில்லை. சீட்டில் எழுதிப் போடலாமே என்று குணவதி முன்னாடியே கேட்டுப் பார்த்திருந்தாள். ‘ஒளிச்சு ஓட்டுப் போட நம்ம என்ன எலக்‌ஷனா நடத்தறோம்’ என்று தலைவர் தள்ளிவிட்டார்.

கேள்விகள் கிளம்பின. முதல் கேள்வி, எதிர்பார்த்தபடியே, தைப்பூசத்துக்கு லீவு உண்டா என்பது. உண்டு என்றதும் பாதிப் பேருக்கு மனது குளிர்ந்துவிட்டது. பள்ளி வேன் ஓட்டும் நல்லமுத்து எழுந்து, பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, தனக்கும் ஒரு மாதம் முதுகு நிமிரக் கிடைப்பது டிசம்பரில்தான் என்றார். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒரு தாய், மடியில் கைக்குழந்தையோடு எழுந்து நின்றாள்.

“டிசம்பர்ல ஒரு தடவ எங்க அக்கா வீட்டுல கொண்டு போயி விடறேன். இப்ப வருசத்துக்கு நாலு தடவ எந்த வீட்டுக் கதவத் தட்டறது டீச்சர்? ஒரு தடவ கேட்டா சிரிச்சுக்கிட்டு வெச்சிக்கும். நாலு தடவ கேட்டா அக்காவா இருந்தாலும் மூஞ்சி மாறும்.”

குணவதி அதைத் தாளில் குறித்துக்கொண்டாள். யோசிக்கலாம் என்றாள். பக்கத்து வரிசையில் ஒரு தகப்பன், “எங்க வீட்டுல டிசம்பர் முழுக்க கண்ணுக்கும் போனுக்கும் நடுவுல ஒரு சாண்கூட எடவெளி இல்ல. பத்து நாள்னா பொறுத்துக்கலாம்” என்றான். அவனுக்குக் கொஞ்சம் கைதட்டல் கிடைத்தது.

பிறகு குணவதி தான் போட்டு வைத்திருந்த வரைபடத்தைத் திரையில் காட்டினாள். பன்னிரண்டு பிள்ளைகள், பெயர் கிடையாது, வெறும் எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு கோடு. நவம்பரில் ஒரு நிமிடத்தில் படித்த சொற்கள் நீலத்தில், ஜனவரியில் படித்தவை சிவப்பில். எல்லாரிலும் அதிகமாகச் சரிந்தது ஏழாம் எண். முப்பத்து நான்கிலிருந்து பன்னிரண்டு.

பெயரை மறைத்தவள், எண்ணை மாற்ற மறந்துவிட்டாள். வகுப்புப் பதிவேட்டில் இருந்த வரிசையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். தினமும் காலையில் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று பிள்ளைகளை எண் சொல்ல வைத்துத்தான் அவள் வருகை எடுப்பாள். பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் தங்கள் எண் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

மேடையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடைசி வரிசையில் ரேணுஷா தகப்பன் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து திரையைக் காட்டினாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. ஏழு விரலை விரித்துக் காட்டினாள், முகமெல்லாம் பெருமை. தன் எண் அவ்வளவு பெரிய திரையில் வந்திருக்கிறதே.

தயாளன் திரையைப் பார்த்தான். நீலக் கோட்டைப் பார்த்தான், சிவப்பைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். குணவதி அடுத்த வரியை இரண்டு தடவை படித்தாள். யாரும் கவனிக்கவில்லை.

“சரி, கைக்குப் போயிரலாம்,” என்றார் திருநாவுக்கரசு. “மாத்தணும்கறவங்க?”

எண்ணுவது செயலாளர் வேலை. எண்ணுகிறவளுக்கு ஓட்டு இல்லை. வரிசைக்கு வரிசை விரலை நீட்டிக்கொண்டே போனாள். மூன்றாவது வரிசையில் சுதர்ஷினியின் கை நேராக நின்றது. மொத்தம் நாற்பத்து மூன்று.

“பழையபடி இருக்கட்டும்கறவங்க?”

மறுபடியும் முன்னாலிருந்து எண்ணினாள். கடைசி வரிசைக்கு வரும்போது நாற்பத்திரண்டு. தயாளன் மகளை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தான். பிறகு கையைத் தூக்கினான், அக்காவையே பார்த்துக்கொண்டு.

நாற்பத்து மூன்று.

“சமமா வருது,” என்றார் தலைவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “சமம்னா மாத்தம் இல்ல. பழையபடிதான். என்ன செயலாளரம்மா, எழுதிக்கலாமா?”

பதிவேட்டில் எண்பத்தைந்து குடும்பம். மண்டபத்தில் எழுந்தது எண்பத்தாறு கை. அது எப்படி என்று அவளையும் தம்பியையும் தவிர யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் தம்பிக்கு டிசம்பர் மிஞ்சும். பேசினால், பள்ளிப் பதிவில் பாதுகாவலராக இருப்பது சுதர்ஷினி, கழிவது தம்பியின் கை. அக்காக்காரியே தம்பி கையைத் தட்டிவிட்டுத் தன் திட்டத்தை நிறைவேற்றிக்கொண்டாள் என்று ஆகும். ஊர் பேசுவது கிடக்கட்டும், அவனே அப்படி நினைப்பான்.

அவன் மேல் அவளுக்குக் கொள்ளைப் பாசம். அம்மா போன பிறகு அவனுக்குப் பள்ளிச் சட்டை துவைத்துப் போட்டவள் அவள். அந்தப் பாசம் ஒரு நிமிடம் அவள் வாயைக் கட்டித்தான் போட்டது. ஆனால் முன்வரிசையில் அவளுடைய மற்ற பிள்ளைகளின் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒரு கை கூடுதலா இருக்கு தலைவரே,” என்றாள். “கையெழுத்து எம்பத்தஞ்சு. கை எம்பத்தாறு. ஒரு குடும்பத்துல ரெண்டு கை வந்துருச்சு.”

“யாரு வீடு அது?”

அவள் பதில் சொல்லுமுன் தயாளன் எழுந்து நின்றான்.

“என் கைதான். ரேணுஷா அப்பா. அவங்க அம்மா கைய வெச்சிக்கிட்டு என்னுத எடுத்துருங்க. பிள்ளை அவங்ககிட்டதான் இருக்கு.”

“தெரியாம தூக்கிட்டீங்களா தம்பி?”

“தெரிஞ்சுதான் தூக்கினேன்.”

மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்திரண்டு. குணவதி இரண்டு வருடமாக எழுதிய கடிதங்களுக்கெல்லாம் பலன் கிடைத்துவிட்டது. தலைவர் கையைக் குலுக்கினார், தாய்மார்கள் இரண்டு பேர் வந்து தோளைத் தட்டினார்கள். அவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. கண் வாசலையே தேடிக்கொண்டிருந்தது.

சிற்றுண்டிச் சாலையில் மீகோரெங் நூடுல்ஸும் தே தண்ணியும் வைத்திருந்தார்கள். தயாளன் எதையும் எடுக்காமல் வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தான். ரேணுஷாவைத் தாய் தன் காருக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தாள்.

“சாப்பிட்டுப் போடா.”

“அஞ்சு மணி பஸ்சு. நேரம் இருக்கு.”

“என் மேல கோவமா?”

“எதுக்குக் கோவம்? ரூல்ஸ் ரூல்ஸ்தான. நீ சொல்லலன்னாலும் நானே எந்திரிச்சுச் சொல்லியிருப்பேன்.” அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “பிள்ளை முன்னாடி ஒரு தடவ கையத் தூக்கணும்னு தோணுச்சு. அப்பாவுக்கு அவ வேணும்னு அவ பாக்கணும். அதுக்குத்தான் தூக்கினேன். எண்ணறதுக்கு இல்ல.”

குணவதி அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் கொடுக்கவில்லை.

“அந்த ஏழாம் நம்பர் ரேணுதானக்கா.”

“ஆமாடா.”

“போன நவம்பர்லயே அவளுக்குப் படிக்கக் கஷ்டம்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டே பதினாறு நாளு என்கிட்ட அனுப்பி வெச்ச.” இப்போதுதான் அவன் குரல் உடைந்தது. “நான் என்ன பண்ணேன் தெரியுமா அந்தப் பதினாறு நாளும்? படிப்பு படிப்புன்னு பிள்ளை களைச்சுப் போயிருக்கும், பாவம், சும்மா இருக்கட்டும்னு ஒரு புத்தகத்தத் தொட விடல. கடைக்குக் கூட்டிட்டுப் போனேன், பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்தச் செகப்புக் கோடு நான் போட்டது, அக்கா. என் கையால போட்டது.”

“அப்படி இல்லடா...”

“ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணி, தம்பி, பிள்ளைக்கு இப்படி இருக்கு, தினமும் அர மணி நேரம் ஒக்காந்து படிக்க வையின்னு சொல்லியிருந்தா போதும். படிக்க வெச்சிருப்பேன்ல? ஸ்கூல் கலண்டர மாத்தறதுக்கு இலாகாவுக்கு ரெண்டு வருசமா லெட்டர் எழுதியிருக்க. தம்பிக்கு ஒரு போன் பண்ண முடியல உனக்கு.”

குணவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்லாதே என்று கேட்டுக்கொண்டது யார் என்று ஒரு வார்த்தை சொன்னால், பாரம் முழுவதும் அவள் தோளிலிருந்து இறங்கிவிடும். வாய் வரை வந்தது. ஆனால் தலையாட்டியது அவள்தானே. தன் தம்பி எப்படிப்பட்டவன் என்று தெரிந்திருந்தும் ஆட்டினாள். அதை எந்தக் கணக்கில் வைப்பது?

“தப்புதான்டா,” என்றாள். “என் தப்புதான்.”

பத்தடி தள்ளி, வெள்ளைக் காரின் பின்கதவைத் திறந்து சுதர்ஷினி பிள்ளைக்கு இருக்கைப் பட்டி மாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. பட்டியை மாட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போனாள். கைப்பிடியில் கை வைத்தாள். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு அவர்களிடம் நடந்து வந்தாள்.

மூன்று வருடமாக அவள் தயாளனோடு நேராகப் பேசியதில்லை. வக்கீல் மூலமும் வாட்ஸப் மூலமும்தான்.

“மச்சாளில பிழை இல்லை,” என்றாள், அவன் முகத்தைப் பார்த்து. “உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்டு கேட்டது நான்.”

தயாளன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலை குனிந்திருந்தாள்.

“ஏன்?” என்றான் சுதர்ஷினியிடம்.

பதில் சொல்ல வாயெடுத்தவள், காரைத் திரும்பிப் பார்த்தாள். ரேணுஷா கண்ணாடியை இறக்கிவிட்டு, கன்னத்தைக் கதவில் வைத்துக்கொண்டு, மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.